மூச்சுத் துளை

மார்ச் 3

மதிப்பிற்குரிய பரிசோதகர் அவர்களுக்கு,

உங்கள் தங்கை எழுதுகிறேன். போனில் உங்கள் எண்ணை அடைத்து வைத்திருப்பது நான்தான். உங்கள் குரலைக் கேட்டால் பாதியில் அழுதுவிடுவேன், நீங்களும் வழக்கம்போல "சரி சரி, அழாத" என்று பேச்சை முடித்துவிடுவீர்கள். காகிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது.

நம் ராக்கெட் கிளப்பின் விசாரணைக் குழு அனுப்பிய அறிக்கை நேற்று நான் வேலை செய்யும் படகுப் பட்டறை முகவரிக்கு வந்தது. ரெசின் பசை ஒட்டிய கையோடு பிரித்தேன். மூன்றாம் பக்கத்தில் உங்கள் வாக்குமூலம். மறந்திருப்பீர்கள், அப்படியே எழுதுகிறேன்: "பாராசூட் மிக இறுக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. ஏவுவதற்கு முன் நான் எச்சரித்தேன். அவர் கேட்கவில்லை."

அவர் என்றால் நான். என்ன மரியாதை!

எப்போது எச்சரித்தீர்கள்? பிப்ரவரி பதினெட்டு அன்று காலையில் நாம் ஏரிப் படுகைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி கூட ஆகவில்லை. இரண்டரை மீட்டர் ராக்கெட்டை மேசைமேல் கிடத்தி, மூக்கைக் கழற்றி, பாராசூட்டை ஒற்றை விரலால் இழுத்துப் பார்த்தீர்கள். "வெண்ணெய் மாதிரி வருது" என்றீர்கள். பரிசோதகர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டீர்கள். நான் திரும்ப மடித்து வைத்தபோதும் பக்கத்தில்தான் நின்றீர்கள். அதன்பிறகு எரிபொருள் உருளையைப் பூட்டுவதற்காக நான் கூடாரத்துக்குள் போய்விட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது நீங்களும், எல்லோரும் விசில் என்று கூப்பிடுகிற நம் ஏவுதளக்காரரும் ராக்கெட்டை ஏவுதண்டில் நிறுத்தி முடித்திருந்தீர்கள். அடியில் உருளையைப் பூட்டிவிட்டு ஓடிவந்து பொத்தானை அமுக்கினேன்.

போனது எவ்வளவு அழகாகப் போனது! உச்சிக்குப் போனதும் மூக்கு பிரிந்து பாராசூட் வெளியே வர வேண்டும். வரவில்லை. போன வேகத்திலேயே தலைகீழாக வந்து தரையில் குத்தியது. வால்துடுப்பு ஒன்று தெறித்து விசிலின் வலது தோளில் இறங்கியது. ஏவுதளத்தைப் பார்த்துக்கொள்கிறவர், ஒவ்வொரு ஏவலுக்கும் முன் எல்லோரையும் விரட்டி விரட்டி விசிலடிக்கிறவர், அவருக்கா இது நடக்க வேண்டும்? அந்தக் கை இனித் தோளுக்கு மேலே எழும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

மூக்கைத் தள்ள வைத்திருந்த வெடிமருந்து எரிந்திருக்கிறது, ஆகவே உயரம் பார்க்கும் கருவி வேலை செய்திருக்கிறது, ஆகவே பாராசூட்தான் சிக்கியது, ஆகவே மடித்தவள் குற்றவாளி. இதுதான் குழுவின் கணக்கு. ஏப்ரல் முப்பதுக்குள் நான் தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் ஒரு வருடம் தடை, அதோடு சரி. மறுத்தால் ஆதாரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கிளப்பிலிருந்து நிரந்தரமாக நீக்கம். பிறகு எந்த மைதானத்திலும் நான் ஒரு குச்சியைக் கூட ஏவ முடியாது.

என் பெயரில் நான் கட்டிய முதல் ராக்கெட் அது. பதினான்கு மாத வேலை. நீங்கள் எச்சரிக்கவில்லை என்று ஒரு வரி குழுவுக்கு எழுதுங்கள். அது போதும்.

இப்படிக்கு,
அவர்

*

மார்ச் 11

அன்புள்ள வாலு,

நீங்களாம், உங்களாம், பரிசோதகர் அவர்களாம்! கடிதத்தைப் பிரித்ததும் ஏதோ வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். உன் அண்ணி கூட "என்னங்க, யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஓடிவந்தாள்.

கோபம் தணிந்ததும் ஒருமுறை யோசித்துப் பார். அந்த அறையில் மூன்று பேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். "பரிசோதகர் நீங்கதான? கையெழுத்து போட்டிருக்கீங்களே, நீங்க ஒண்ணுமே சொல்லலியா?" என்று கேட்கிறார்கள். மனுஷன் என்ன சொல்வான்? கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது என்று அப்போது தோன்றியது. தோன்றியதைச் சொன்னேன். அவர்கள் அதை எழுத்தில் போடும்போது சட்டைக்கு இஸ்திரி போட்ட மாதிரி விறைப்பாக்கிவிட்டார்கள்.

நீ கெட்டிக்காரி. ஃபைபர் வேலையில் உன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் யானைக்கும் அடி சறுக்கும். ஒரு வருடம் என்பது என்ன, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக அடுத்ததைக் கட்டு. உனக்கு வயது இருக்கிறது. என் நிலைமை வேறு. பரிசோதகர் உரிமத்தை வைத்துத்தான் கல்லூரியில் ராக்கெட் கூடமே என் கையில் இருக்கிறது. நான் எழுதிக் கொடுத்ததை நானே மாற்றினால் உரிமம் என்ன ஆகும்? அறுபது மாணவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள். உன் ஒருத்திக்காக அறுபது பேரா?

அம்மா இங்கே என்னோடுதான் இருக்கிறாள். "ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதானா? எனக்கே சந்தேகமா இருக்கு" என்கிறாள். அவளுக்காகவாவது போனைத் திற.

உன் அண்ணன்

*

மார்ச் 17

அண்ணா,

வாலு என்று இனிமேல் எழுதாதே. அந்தப் பெயரில் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் என்னிடம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாய்.

முதல் ராக்கெட்டை நினைத்துப் பார். மூன்று வருடம் முன்பு. அலுமினியக் குழாயில் மெழுகுத் தாள் சுற்றி, அதன் மேல் கண்ணாடியிழைத் துணியை ஆறு சுற்று சுற்றி ரெசின் தடவியது யார்? குழாயில் கீறல் விட்டுத் துடுப்பை உள்ளே செருகி, மூலையில் ரெசின் ஊற்றிக் கரண்டி முதுகால் வழித்தது யார்? கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, எடை மையம் பின்னால் இருக்கிறது என்று கண்டுபிடித்து, மூக்குக்குள் ஈயக்குண்டு போட்டது யார்? நீ கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்து நாலு ஒயரை மாட்டினாய், அவ்வளவுதான். அன்றைக்கு ஏவும் இடத்தில் படிவத்தில் ஒரு வரி இருந்தது: "இந்த ராக்கெட்டை நான் ஒருவரே கட்டினேன்." கிளப்பின் சட்டமே அதுதான், கட்டியவனுக்குத்தான் சான்றிதழ். நீ அந்த வரியின் கீழே கையெழுத்துப் போட்டதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "நீ இன்னும் மெம்பர் ஆகலியே. இது என் பேர்ல பறக்கட்டும், அடுத்தது உன் பேர்ல" என்றாய். தலையாட்டினேன். அந்தச் சான்றிதழை வைத்துக் கல்லூரி வேலை வாங்கினாய், அந்த வேலையை வைத்துப் பரிசோதகர் ஆனாய். வாய் திறந்தேனா?

பறந்தால் நீ கட்டியது, விழுந்தால் நான் கட்டியதா? குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்ததாம்.

இறுக்கம் என்கிறாயே. அந்தப் பாராசூட்டை நான் தரையில் வைத்துப் பன்னிரண்டு முறை சோதித்தேன். உண்மையான மருந்தை வைத்து வெடிக்க விட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு முறையும் மூக்கு பறந்து, துணி பட்டறையின் அந்தக் கோடி வரை போய் விழுந்தது. மேஸ்திரி "என்னம்மா, படகை மேல அனுப்பப் போறியா?" என்று கேலி பண்ணினார். அதே மடிப்புதான் அன்றைக்கும்.

இன்னொரு விஷயம். குழு உடைசலை எல்லாம் மூட்டையாகக் கட்டித் திருப்பி அனுப்பியிருந்தது. படகுக் கொட்டகையில் தார்ப்பாயை விரித்து, துண்டு துண்டாக எடுத்து இருந்த இடத்தில் வைத்து அடுக்கினேன். நாற்பத்தொரு துண்டு. மூக்கு நுனி சப்பையாகி இருக்கிறது, இருந்தாலும் இருக்கிறது. துடுப்புகள் மூன்றும் இருக்கின்றன. கருவி இருந்த நடுப்பகுதியில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு ஒன்றும் இல்லை. அது உடம்பிலேயே கெட்டியான இடம், இரட்டைச் சுற்று. அங்கேதான் மூன்று மூச்சுத் துளைகள் போட்டிருந்தேன். வெளிக்காற்று அந்தத் துளை வழியாக உள்ளே போய் வந்தால்தான் கருவிக்கு உயரம் தெரியும்.

மெல்லிய இடமெல்லாம் கிடைத்திருக்கிறது, கெட்டியான இடம் கிடைக்கவில்லை. உனக்கு ஏதாவது தெரியுமா?

உன் தங்கை

*

மார்ச் 30

தங்கைக்கு,

வேலை அதிகம், சுருக்கமாக எழுதுகிறேன்.

ஏரிப் படுகை எவ்வளவு பெரியது என்று உனக்கே தெரியும். எல்லோரும் விசிலைத் தூக்கிக்கொண்டு ஓடிய நேரத்தில் யார் எதைப் பொறுக்கினார்கள், எது புதரில் போனது என்று யார் பார்த்தார்கள்? ஒரு துண்டு இல்லை என்பதை வைத்து ஒரு கதையே கட்டாதே. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்று சொன்ன கதையாகிவிடும்.

முதல் ராக்கெட்டைப் பற்றி எழுதியிருந்தாய். அண்ணன் தங்கைக்குள் ஆயிரம் இருக்கும். அதையெல்லாம் எழுத்தில் வைப்பது புத்திசாலித்தனம் இல்லை. உன் கடிதம் கல்லூரிக்கு வந்தது, ஆபீஸ் பையன் அதைத் திறந்து என் மேசையில் வைத்திருந்தான். படித்தானா இல்லையா என்று அவன் முகத்தைப் பார்த்தே இரண்டு நாள் போயிற்று. இனிமேல் வீட்டு முகவரிக்கு எழுது.

கையெழுத்துப் போட்டுவிடு. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 6

அண்ணா,

கிளப்பில் படம் எடுக்கிறவர் அன்றைக்கு எடுத்த எல்லாவற்றையும் அனுப்பினார். நானாகத்தான் கேட்டேன். நூற்றுப் பதினெட்டு படம். பெரும்பாலும் நீதான் நிற்கிறாய். தொண்ணூற்றாறாவது படத்தில் ராக்கெட் ஏவுதண்டில் தனியாக நிற்கிறது. நான் அனுப்பிய ராக்கெட் முழு வெள்ளை. படத்தில் இருப்பதன் இடுப்பில் ஒரு நீலப் பட்டை.

பட்டறைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து தெரிகிறது. முதலில் கல்லூரியின் பெயர். அதன் கீழே "வழிகாட்டி" என்று போட்டு உன் பெயர்.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி வந்து "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டார்.

நான் கூடாரத்துக்குள் உருளையோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தபோது நீ தலையை நீட்டி "போட்டோவுக்கு வெறுமனே இருக்கே, கொஞ்சம் அழகு பண்ணிடறேன்" என்றாய். துடைப்பாய் என்று நினைத்தேன். "பண்ணு பண்ணு" என்றேன். நீ என் ராக்கெட்டின் இடுப்பைச் சுற்றி உன் பெயரை ஒட்டினாய். மூச்சுத் துளை மூன்றையும் சேர்த்து மூடினாய். அடியில் குனிந்து உருளையைப் பூட்டிய அவசரத்தில் நான் நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. கருவி பாவம், என்ன செய்யும்? உள்ளே அடைபட்ட காற்று திருகாணிச் சந்து வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கும். ராக்கெட் உச்சிக்குப் போய்த் திரும்பித் தலைகீழாக வந்துகொண்டிருந்தபோதும் கருவி இன்னும் மேலே போகிறோம் என்று நினைத்திருக்கும். தரைக்குப் பக்கத்தில் வந்து மருந்தைப் பற்றவைத்திருக்கும். அதனால்தான் மருந்து எரிந்திருக்கிறது, பாராசூட் குழாய்க்குள்ளேயே இருக்கிறது.

அண்ணா, சின்னப் பிள்ளைகள் செய்யும் முதல் ராக்கெட்டில் கூட அந்தத் துளையை மூடாதே என்றுதான் சொல்லிக் கொடுக்கிறோம். நீ பரிசோதகர்.

தெரியாமல் ஒட்டியிருந்தால் தெரியாமல் ஒட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். என் தலையை வெட்டிக் கொடுத்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நம் வீட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து அறையில் வளர்ந்திருக்கிறது.

படத்தைச் சின்ன அச்சாக எடுத்துக் குழுவிடம் காட்டினேன், அதில் பட்டை தெரியும், எழுத்து தெரியாது. மூவரும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். "பட்டை இருக்கு, சரி. துளைக்கு மேல இருக்கா, கீழ இருக்கா? படத்துல துளை தெரியலியே" என்றார்கள். நியாயம்தான். அந்தத் துண்டு வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டியவரின் வார்த்தை வேண்டும் என்கிறார்கள். நான் தேடித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் பெயரை இன்னும் சொல்லவில்லை. நீயாகச் சொல்வாய் என்று எனக்கு ஒரு நப்பாசை.

விசிலின் மனைவி நேற்று கடைத்தெருவில் எதிரே வந்தாள். என்னைப் பார்த்ததும் அந்தப் பக்கம் போய்விட்டாள். அந்த அம்மாள் எனக்கு எத்தனை நாள் சாப்பாடு கட்டிக் கொடுத்திருக்கிறாள் தெரியுமா?

இருபத்துநான்கு நாள் இருக்கிறது.

தங்கை

*

ஏப்ரல் 19

என் அருமைத் தங்கைக்கு,

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

எல்லாவற்றையும் இதில் எழுத முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் கெட்டவன் இல்லை. அதை நீ நம்ப வேண்டும்.

கொஞ்சம் பொறு. இங்கே ஒரு காரியம் பாதியில் நிற்கிறது. அது முடியட்டும். முப்பதாம் தேதிக்குள் குழுவுக்கு நானே என் கைப்பட எழுதிவிடுகிறேன். நீ எதிலும் கையெழுத்துப் போடாதே. என் பெயரையும் அதுவரை சொல்லாதே. அம்மாமேல் சத்தியம். அவள் இப்போது பக்கத்து அறையில்தான் இருக்கிறாள், அவளை வைத்துக்கொண்டு பொய்ச் சத்தியம் பண்ணுவேனா?

விசிலைப் பார்க்கப் போனாயா? நான் இன்னும் போகவில்லை. கால் போக மாட்டேன் என்கிறது.

அண்ணன்

*

மே 4

என் தங்கைக்கு,

இதோடு ஒரு பெட்டி வரும். பிரிக்கும்போது கையை வெட்டிக்கொள்ளாதே, ஓரம் கூர்மையாக இருக்கிறது. நீ தேடிய துண்டுதான்.

சொல்கிறேன், முழுக்கச் சொல்கிறேன். ராக்கெட் குத்தியதும் எல்லோரும் விசிலை நோக்கி ஓடினார்கள். நானும் ஓடினேன். வழியில் இது கிடந்தது. என் பெயர் மேலே பார்க்கக் கிடந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கமிருந்து பார்த்தால் மூன்று துளையிலும் நீலம் தெரிந்தது. அந்த நொடியே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். அதன்பிறகுதான் விசிலிடம் போனேன். அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றியபோது இது என் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தது. தழும்பு இருக்கிறது.

மறைக்க வேண்டும் என்று திட்டம் போட்டவன் இல்லை நான். முதலில் சட்டைக்குள் போனது, பிறகு பீரோவுக்குள் போனது. குழு கேட்டபோது வாயில் வந்தது உன் பெயர். வேறு யார் பெயர் வரும்? சின்ன வயதிலிருந்தே எது உடைந்தாலும் உன்னைத்தான் சொல்வேன், நீயும் ஒத்துக்கொள்வாய், அம்மா உன்னை அடிக்கமாட்டாள்.

முப்பதாம் தேதிக்குள் எழுதுகிறேன் என்றேன். முடியவில்லை. காரணத்தைச் சொன்னால் நீ காறித் துப்புவாய், துப்பு. என் வேலை நிரந்தரமாகும் உத்தரவு இந்த மாதம் வர வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் எழுதியிருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். உத்தரவு மே இரண்டாம் தேதி கைக்கு வந்தது. இனி விசாரணை வைக்காமல் என்னை ஒன்றும் செய்ய முடியாது. உரிமம் போகும், போகட்டும். கூடம் போகும். வேலை தங்கும். நாலு நாள் தள்ளிப் போனதற்குக் குழு என்ன ஓடியா போய்விடும்? தேதி என்பது ஒரு பேச்சுக்குத்தானே.

குழுவுக்கு எழுதிவிட்டேன். ஸ்டிக்கர் ஒட்டியது, துண்டை எடுத்தது, பொய் சொன்னது, முதல் ராக்கெட் நீ கட்டியது, எல்லாம் இருக்கிறது. நாலு பக்கம். உறையில் போட்டு ஒட்டித் தபால்தலையும் ஒட்டி மேசைமேல் வைத்திருக்கிறேன். நீ ஒரு வார்த்தை சொல். மறுநிமிடம் தபால் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.

எழுதி முடித்ததும் அழுதேன். அம்மா "என்னடா?" என்றாள். கண்ணில் தூசி என்றேன்.

உன் அண்ணன்

*

மே 9

அண்ணா,

பெட்டி வந்தது. கடிதமும் வந்தது. ஒரு வார்த்தை சொல் என்கிறாய். சொல்கிறேன். போடாதே.

ஏப்ரல் முப்பதாம் தேதி பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு காலை ஒன்பது மணியிலிருந்து கிளப் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். தபால்காரர் பதினொன்றுக்கு வந்தார். கடிதக் கட்டை வாங்கி நானே புரட்டிப் பார்த்தேன். மின்சார பில், ஒரு பத்திரிகை, ஒரு கல்யாணப் பத்திரிகை. மதியம் இரண்டாவது தபால் மூன்றரைக்கு வந்தது. அதிலும் இல்லை. ஒருவேளை நேரில் வருவாயோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதே. ஐந்து மணிக்குக் கூப்பிட்டார்கள். "ஆதாரம் கொண்டு வந்தீங்களா?" என்றார்கள். கையில் ஒன்றும் இல்லை. உன் பெயரைச் சொல்லியிருக்கலாம். துண்டு இல்லாமல் சொன்னால் தப்பிக்கப் பார்க்கிறவள் பேச்சாகத்தான் இருந்திருக்கும். அதைவிட, நீ அம்மாமேல் சத்தியம் பண்ணியிருந்தாய். அதை நான் மதித்தேன், நீ மதிக்கவில்லை.

தப்பு என்னுடையது என்றேன்.

சும்மா விடவில்லை அவர்கள். "எப்படித் தப்பாச்சு, விளக்கமா சொல்லுங்க, மத்தவங்களுக்குப் பாடமா இருக்கும்" என்றார்கள். உட்கார்ந்து இட்டுக்கட்டினேன். ஆறு மடிப்பாகப் போட வேண்டியதை எட்டாகப் போட்டேன், கயிற்றை நடுவில் வைக்காமல் மேலே சுற்றினேன், அண்ணன் சொன்னார், நான் திமிராக இருந்தேன். எழுத எழுத அவர்களுக்கு எவ்வளவு திருப்தி தெரியுமா? கடைசியில் ஒருவர், "இது உண்மைதானே? பொய் வாக்குமூலம்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் நீக்கம், தெரியும்ல?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் உண்மை என்றேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது புரிகிறதா? உன் நாலு பக்கம் போய்ச் சேர்ந்தால் நீ உண்மை சொன்னவன் ஆவாய். தாமதமாக வந்தாலும் மனசாட்சி உள்ளவன் என்று சொல்வார்கள். உன் வேலை தங்கும், நீயே எழுதியிருக்கிறாய். நான் பொய் சொன்னவள் ஆவேன். என் கையெழுத்து ஏழு இடத்தில் இருக்கிறது. ஆயுசுக்கும் நீக்கம். நீ உண்மையைச் சொன்னாலும் என் தலைதான் உருளும், பொய்யைச் சொன்னாலும் என் தலைதான் உருளும். எப்படி அண்ணா உனக்கு மட்டும் இப்படி அமைகிறது?

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் வேண்டாம். ஒரு வருடம் போகட்டும். நான் திரும்பக் கட்ட வேண்டும். அந்த ஒன்றுதான் எனக்கு மிச்சம், அதையும் உன் மனசாட்சிக்காகக் கொடுக்க மாட்டேன். துண்டை இதோடு திருப்பி அனுப்புகிறேன். என் பட்டறையில் அதை யாராவது பார்த்தால் எனக்குத்தான் ஆபத்து. உன் பீரோவிலேயே இருக்கட்டும்.

ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. குழு விதித்த நிபந்தனையில் விசிலிடம் நேரில் மன்னிப்புக் கேட்பதும் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் மனைவிதான் கதவைத் திறந்தாள், திறந்ததும் உள்ளே போய்விட்டாள். அவர் இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு இருந்தார். இரண்டாவது பொத்தானிலேயே வெகுநேரம் நின்றார். போட்டுவிடட்டுமா என்று கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. என்னால்தான் உங்களுக்கு இந்தக் கதி, மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "விடும்மா, யாருக்குத்தான் தப்பு வராது. ஆனா உங்க அண்ணன் அவ்வளவு சொல்லியிருக்காரே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம் என்றேன்.

அவர் மன்னித்துவிட்டார். இடது கையால் என் தலையைத் தொட்டார். நான் தெருமுனை வரை நடந்து வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை, செய்யாத ஒன்றுக்காக.

இனிக் கடிதம் வேண்டாம். அம்மாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல். அதுவும் உனக்குப் பழக்கமான பொய்தான்.

தங்கை

*

மே 15

அன்புள்ள வாலு,

இந்த ஒரு கடிதத்துக்கு மன்னித்துக்கொள். பதில் போடாமல் இருக்க மனம் வரவில்லை.

துண்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. நீ சொன்னபடியே செய்துவிட்டேன். நாலு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். நான் போடத் தயாராகத்தான் இருந்தேன், நீ வேண்டாம் என்றதால்தான் போடவில்லை, இது உனக்குத் தெரிந்தால் போதும். உன் மனசு யாருக்கும் வராது. அம்மாவிடம் "நம்ம வாலு வாலுதான்" என்றேன். காரணம் கேட்டாள், சொல்லவில்லை.

ஒரு செய்தி. கூடத்தில் இந்தப் பருவத்திலிருந்து பாராசூட் மடிப்புக்குத் தனியாக ஒரு வகுப்பு சேர்த்திருக்கிறோம். குழுவின் அறிக்கையில் நீ சொன்ன விளக்கம் அவ்வளவு தெளிவாக இருந்தது, அதையே படம் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எட்டு மடிப்பு போட்டால் எப்படிச் சிக்கும் என்று மாணவர்கள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். கவலைப்படாதே, உன் பெயரை எங்கேயும் போடவில்லை.

விசிலையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீ போய் வந்த பிறகு எனக்கும் கால் வந்தது. பழையபடி நன்றாகப் பேசினார். காபி கொடுத்தார்கள்.

நீ சரியான முடிவு எடுத்தாய். எத்தனையோ நாளைக்குப் பிறகு நேற்று ராத்திரிதான் நான் நன்றாகத் தூங்கினேன்.

உன் அண்ணன்